ஒடேசாவின் கதவுகளைத் திறந்துவிட்ட 'டியூக்', பிறகு அதே ஊரை ஏன் பூட்டினார்?

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் உக்ரேனிலிருந்து வந்த ஒரு படம் உங்களுக்கு நினைவிருக்கலாம். கடலோர நகரமான ஒடேசாவில் ஒரு சிலை. அதைச் சுற்றிலும் மலைபோல் மணல்மூட்டைகள். உச்சியில் தலைப்பகுதி மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

குண்டுவீச்சிலிருந்து காப்பாற்ற ஊர்மக்கள் அப்படி மூடி வைத்த அந்த மனிதர் உக்ரேனியர் இல்லை. ரஷ்யரும் இல்லை. அவர் ஒரு பிரெஞ்சுக்காரர்.

பெயர் அர்மான் இம்மானுவேல் டு பிளெஸி, ரிஷெலியூ பிரபு. ஒடேசாக்காரர்களுக்கு இவ்வளவு நீளப் பெயரெல்லாம் தேவையில்லை. அவர்களுக்கு அவர் வெறும் 'டியூக்'. 1803 முதல் 1814 வரை அந்த ஊரை நடத்தியவர் இவர்தான்.

மேயர் என்று சொல்லலாமா? சொல்லலாம், ஆனால் ஒரு திருத்தத்தோடு. அவரை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாண்டர் நியமித்த நகர நிர்வாகி அவர். வரி, துறைமுகம், காவல், பள்ளிக்கூடம், மரம் நடுவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. இன்றைய மேயரைவிட அதிகாரம் அதிகம். கேள்வி கேட்க ஆள் குறைவு.

அப்படிப்பட்ட அதிகாரம் ஒரு வெளிநாட்டுக்காரர் கைக்கு எப்படிப் போனது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வீடு இழந்த பிரபு

'மூன்று மஸ்கட்டியர்கள்' கதையில் வில்லனாக வரும் கார்டினல் ரிஷெலியூவை உங்களுக்குத் தெரியும் இல்லையா? அதே குடும்பம். பாரிஸில் 1766ஆம் ஆண்டு பிறந்தார் நம்மாள். பணம், பெயர், அரண்மனைத் தொடர்பு, எல்லாம் பிறக்கும்போதே இருந்தன.

15 வயதில் கல்யாணம் செய்து வைத்தார்கள். பெண் அவரைவிடச் சின்னவள். கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளையை மட்டும் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தத் திருமணம் கடைசிவரை பெயரளவில்தான் இருந்தது. குழந்தைகள் இல்லை. அந்தக் காலத்துப் பெரிய குடும்பங்களில் இது அதிசயமும் இல்லை.

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அந்த அக்டோபரில் பாரிஸ் மக்கள் கூட்டமாக வெர்சாய் அரண்மனையை நோக்கி நடந்தார்கள். ரிஷெலியூ ஏழை போல உடுத்திக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள்ளேயே புகுந்து நடந்து போய், அரசியை எச்சரித்தார். அப்போது அவருக்கு 23 வயது.

அடுத்த ஆண்டு அவர் ரஷ்யப் படையில் தொண்டராகச் சேர்ந்துகொண்டார். டான்யூப் ஆற்றங்கரையில் துருக்கியரின் இஸ்மாயில் கோட்டை. 1790 டிசம்பரில் அது விழுந்தபோது உள்ளே நடந்தது பெரும் படுகொலை. அந்த ரத்தக் களரியில், இரண்டு கோசாக் வீரர்களிடமிருந்து ஒரு சின்னத் துருக்கியப் பெண்ணை ரிஷெலியூ காப்பாற்றினார். ஆங்கிலக் கவிஞர் பைரன் பிற்பாடு தன் 'டான் ஜுவான்' காவியத்தில் இந்தச் சம்பவத்தைப் பயன்படுத்திக்கொண்டார்.

புரட்சி முற்றியது. பிரான்சில் அவருடைய சொத்துகள் போயின. திரும்பிப் போனால் தலை தப்பாது. பட்டம் இருந்தது, ஊர் இல்லை. இன்றைய வார்த்தையில் சொன்னால், அவர் ஓர் அகதி.

பேரரசர் பால் காலத்தில் ரஷ்யாவிலும் அவருக்கு நல்ல பெயர் இல்லை. அவருக்குப் பின் வந்த அலெக்சாண்டருக்கு மட்டும் ரிஷெலியூவைப் பிடித்திருந்தது. கருங்கடல் ஓரத்தில் புதிதாக முளைத்த ஓர் ஊரைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார்.

தூசியும் கடலும்

ஒடேசாவுக்கு அப்போது வயது ஒன்பதுதான். அதற்கு முன் அந்த இடத்தின் பெயர் ஹாஜிபேய். துருக்கியரின் சின்னக் கோட்டை ஒன்று அங்கே இருந்தது. 1789இல் ரஷ்யப் படை அதைப் பிடித்தது. 1794இல் பேரரசி இரண்டாம் கேத்தரின் துறைமுகம் கட்டச் சொல்லி ஆணையிட்டார். நேப்பிள்ஸ் நகரில் பிறந்த டி ரிபாஸும், டி வொலான் என்ற பொறியாளரும் வேலையை ஆரம்பித்தார்கள்.

கேத்தரின் இறந்ததும் பணம் நின்றுபோனது. 1800இல் ஒடேசா வணிகர்கள் பேரரசர் பாலுக்கு 3,000 ஆரஞ்சுப் பழங்களை அனுப்பி வைத்தார்கள். துறைமுகம் கட்டக் கடன் கிடைத்தது. சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழம் மாற்றிக்கொள்ளும் நமக்கு இது ரொம்பப் புதுசா தெரியாது! அந்தப் பழத்துக்கு இன்றும் ஒடேசாவில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது.

1803இல் ரிஷெலியூ வந்து இறங்கியபோது அங்கே சில ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். கல் பாவாத தெருக்கள். வெயிலில் தூசி, மழையில் சேறு. சுற்றிலும் மரமே இல்லாத புல்வெளி. குடிதண்ணீருக்கும் தட்டுப்பாடு. புது நிர்வாகி உட்கார நல்ல நாற்காலிகூட ஊரில் கிடைக்கவில்லை என்று சொல்வார்கள்.

ஆனால் அந்த ஊருக்குப் பின்னால் உக்ரேனியச் சமவெளி இருந்தது. கறுப்பு மண், கோதுமை. முன்னால் கடல். அதைத் தாண்டினால் இஸ்தான்புல் வழியாக மத்திய தரைக்கடல். இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல கதவு மட்டும் போதும். ரிஷெலியூ பார்த்தது அதைத்தான்.

அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, பணத்தை ஊரிலேயே தங்க வைத்தது. துறைமுகத்தில் வசூலாகும் சுங்கவரியில் ஐந்தில் ஒரு பங்கைத் துறைமுகக் கட்டுமானத்துக்கே செலவழிக்கப் பேரரசரிடம் அனுமதி வாங்கினார். கப்பல் அதிகம் வந்தால் வரி கூடும். வரி கூடினால் துறைமுகம் பெரிதாகும். துறைமுகம் பெரிதானால் கப்பல் இன்னும் அதிகம் வரும். சக்கரம் சுழல ஆரம்பித்தது.

அடுத்தது ஆட்கள். கிரேக்கர், இத்தாலியர், யூதர், பல்கேரியர், அல்பேனியர், உக்ரேனியர், ரஷ்யர், போலந்துக்காரர் என யார் வந்தாலும் இடம் கொடுத்தார். ஜெர்மன் விவசாயிகள் ஊரைச் சுற்றிக் கிராமங்கள் அமைத்தார்கள். பண்ணையடிமைகளாக இருந்து தப்பி ஓடிவந்தவர்களும் ஒடேசாவில் ஒளிந்து வாழ முடிந்தது. நிர்வாகம் ரொம்பத் துருவிக் கேட்கவில்லை. நீ எங்கிருந்து வந்தாய் என்று கேட்பதில் அந்த நிர்வாகிக்கே சங்கடம் இருந்திருக்கும், அவரே ஓடிவந்தவர்தானே. இது என் ஊகம்தான்.

தெருக்களின் பெயர்ப் பலகைகள் ரஷ்ய மொழியிலும் இத்தாலிய மொழியிலும் இருந்தன. கடைத்தெருவில் காதில் விழுந்த மொழிகளை எண்ணி முடியாது. நான்கு மொழி அறிவிப்புகளைப் பார்த்தே வளர்ந்த உங்களுக்கு அந்தக் காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை.

1810இல் கடலைப் பார்த்த மாதிரி ஒரு நாடக அரங்கு திறக்கப்பட்டது. இத்தாலிய இசை நாடகங்கள் வந்தன. தெருக்கள் அகலமாக, நேராகப் போடப்பட்டன. மரமில்லாத ஊரில் வெள்ளை அக்கேசியா கன்றுகளை வரவழைத்து வீடு வீடாகக் கொடுத்தார். யார் வீட்டு வாசலிலாவது கன்று வாடியிருந்தால், வீட்டுக்காரரிடம் போய்த் தானே வந்து தண்ணீர் ஊற்றட்டுமா என்று வருத்தத்தோடு கேட்பாராம். கதையோ நிஜமோ, ஒடேசாவில் இன்றும் மே மாதக் கடைசியில் அக்கேசியா பூத்து ஊரே மணக்கும்.

1805இல் அவருடைய பொறுப்பு இன்னும் பெருகியது. தெற்கு உக்ரேனின் பெரும்பகுதியையும் கிரைமியாவையும் சேர்த்து ஆளும் தலைமை ஆளுநரானார்.

இங்கே ஒன்றை மறைக்கக்கூடாது. அவர் குடியேற்றிய நிலம் காலி நிலம் இல்லை. நோகாய்களும் கிரைமியத் தாத்தார்களும் கோசாக்குகளும் வாழ்ந்த, கால்நடை மேய்த்த நிலம் அது. ரஷ்யப் பேரரசு அதைப் போரில் பிடித்து, புதிய ஆட்களைக் கொண்டுவந்து நிரப்பியது. ரிஷெலியூ அந்தப் பேரரசின் கை. காக்கசஸ் பகுதியில் சர்க்காசியர்களுக்கு எதிரான படையெடுப்புகளையும் அவர் நடத்தினார். ஒடேசாவில் இளகிய மனசோடு இருந்தவர் எல்லா இடத்திலும் அப்படி இருந்தார் என்று சொல்ல முடியாது.

1812: கதவை மூடிய கை

இப்போது நாம் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

1812ஆம் ஆண்டை உலகம் நெப்போலியனுக்காக நினைவு வைத்திருக்கிறது. அந்த ஜூனில் அவர் ரஷ்யாவுக்குள் புகுந்தார். ரஷ்யச் சேவையில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரருக்கு அது எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். போருக்காகத் தன் பணத்தைக் கொடுத்தார். ஊர் மக்களையும் கொடுக்கச் சொன்னார். போர்முனைக்குப் போகவும் ஆசைப்பட்டார். ஆனால் ஒடேசாவுக்கு வேறு எதிரி வந்து சேர்ந்தது.

அந்த ஆகஸ்ட்டில் ஊரில் திடீர் திடீரென்று ஆட்கள் இறந்தார்கள். காய்ச்சல், வீக்கம், சில நாளில் மரணம். கொள்ளைநோய். அப்போது இஸ்தான்புல்லில் பெரிய அளவில் பரவிக்கொண்டிருந்த அதே நோய்.

அதன் கிருமியை அலெக்சாண்டர் யெர்சின் ஹாங்காங்கில் கண்டுபிடிக்க இன்னும் 82 ஆண்டுகள் இருந்தன. எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக வருகிறது என்று 1812இல் யாருக்கும் தெரியாது. மருந்து கிடையாது. தெரிந்தது ஒரே ஒரு வழி. ஆட்களைப் பிரித்து வைப்பது.

ஆனால் ஒடேசா வாழ்ந்ததே ஆட்கள் வந்துபோவதால்தான். துருக்கியுடன் ஆறு ஆண்டுகள் நடந்த போர் அந்த மே மாதம்தான் முடிந்திருந்தது. இனிமேல் வியாபாரம் களைகட்டும் என்று வணிகர்கள் காத்திருந்த நேரம். அப்போது துறைமுகத்தை முடக்கினால் கோதுமை கிடங்கில் கிடக்கும். கூலியாட்களுக்குச் சாப்பாடு இருக்காது. ஒன்பது வருடமாகச் சுழன்ற அந்தச் சக்கரம் நிற்கும். நிறுத்த வேண்டியது அதைச் சுழலவிட்ட அதே ஆள்.

நிறுத்தினார்.

முதலில் நாடக அரங்கு, தேவாலயங்கள், சந்தை எல்லாம் மூடப்பட்டன. ஊரைச் சுற்றிப் படைவீரர்கள் நிறுத்தப்பட்டார்கள். அது போதவில்லை. நவம்பரில் இன்னும் கடுமையான ஆணை வந்தது. யாரும் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. ஊர் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர்கள். அவர்கள் தினமும் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தொற்று கண்ட பொருள்களும் சில வீடுகளும் எரிக்கப்பட்டன.

2020 ஏப்ரலில் நீங்கள் வீட்டுக்குள் இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து கைப்பேசியை எடுத்துவிடுங்கள். ஹீட்டரை எடுத்துவிடுங்கள். கருங்கடல் குளிரைச் சேருங்கள். தெருவில் நடமாட்டம் என்றால் வண்டிகள் மட்டும்தான். நோயாளியை ஏற்றிய வண்டியில் சிவப்புக் கொடி, பிணம் ஏற்றிய வண்டியில் கறுப்புக் கொடி என்று ஒடேசாக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். வண்டி ஓட்டியவர்கள் சிறைக் கைதிகள். வேறு யாரும் அந்த வேலைக்கு வரவில்லை.

அந்த நாள்களில் ரிஷெலியூ தினமும் தெருவில் இருந்தார். நோய் கண்ட வீடுகளுக்குள்ளும் நுழைந்தார். பிணத்தைப் புதைக்க ஆட்கள் பயந்து நின்றபோது தானே மண்வெட்டியை எடுத்தார் என்றும் சொல்கிறார்கள். மருத்துவர்களிலேயே சிலர் இறந்துபோன ஊரில், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அதிர்ஷ்டம். அவருடைய தைரியத்துக்குக் கிடைத்த பரிசு என்று எழுத எனக்கு மனமில்லை.

1813இன் தொடக்கத்தில் நோய் அடங்கியது. சுமார் 2,600 பேர் இறந்திருந்தார்கள். சின்ன ஊருக்கு அது பெரிய எண்ணிக்கை. கொள்ளைநோயில் இறந்தவர்களைப் புதைத்த மேடு ஒன்று இன்றும் ஒடேசாவில் இருக்கிறது. கொள்ளைநோயைக் குறிக்கும் 'சுமா' என்ற சொல்லிலிருந்து அதற்குச் 'சும்கா' என்று பெயர்.

முழு முடக்கம் ஆகஸ்ட்டிலேயே வந்திருந்தால் இன்னும் பலர் பிழைத்திருப்பார்களா? இருக்கலாம். முதல் மரணங்களுக்கும் கடுமையான ஆணைக்கும் நடுவில் ஏறக்குறைய மூன்று மாதம் ஓடிவிட்டது. துறைமுகத்தை வைத்தே வாழும் ஊரில் அந்த முடிவு எவ்வளவு கஷ்டம் என்பது நமக்கும் கொஞ்சம் தெரியும். ஆனாலும் மூன்று மாதம் என்பது மூன்று மாதம்தான்.

மீண்டும் பிரான்ஸ்

1814இல் நெப்போலியன் வீழ்ந்தார். பிரான்சுக்கு மறுபடி மன்னர் வந்தார். ரிஷெலியூ பல ஆண்டுகளுக்குப் பிறகு வீடு திரும்ப முடிவு செய்தார். அவர் புறப்பட்ட நாளில் ஊரே திரண்டு, அழுதுகொண்டு, வண்டிக்குப் பின்னால் வெகுதூரம் நடந்து போனது. அவர் வந்தபோது சுமார் 8,000 பேர் இருந்த ஊரில் இப்போது 35,000 பேர் இருந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

பாரிஸில் அவரை 1815இல் பிரதமராக்கினார்கள். கிரைமியாவைப் பற்றி நன்றாகத் தெரிந்தவரைத்தான் பிரான்சை ஆளப் பிடித்திருக்கிறார்கள் என்று தாலேராண் கிண்டலடித்தார். கிண்டலில் நியாயமும் இருந்தது. கால் நூற்றாண்டின் பெரும்பகுதி அவர் நாட்டில் இல்லை.

வந்ததும் செய்ய வேண்டியிருந்த வேலை கசப்பானது. தோற்ற நாட்டின் சார்பில் பாரிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 700 மில்லியன் பிராங்க் இழப்பீடு. 150,000 வெளிநாட்டுப் படையினர் ஐந்து ஆண்டுவரை பிரான்சில் இருக்கலாம். போட்டார். பிறகு இழப்பீட்டைக் கட்ட ஏற்பாடு செய்து, பழைய நண்பர் அலெக்சாண்டரின் நம்பிக்கையையும் பயன்படுத்தி, அந்தப் படைகளை மூன்றே ஆண்டில், 1818இல், வெளியேற வைத்தார்.

அதே ஆண்டு அவர் பதவி விலகினார். நாடாளுமன்றம் நன்றியாக ஆண்டுக்கு 50,000 பிராங்க் வருமானம் கொடுத்தது. அதை அப்படியே போர்தோ நகர மருத்துவமனைகளுக்குக் கொடுத்துவிட்டார். 1820இல் மறுபடியும் பிரதமரானார், 1821 டிசம்பரில் அதுவும் முடிந்தது. ஒடேசாவுக்குத் திரும்ப வேண்டும் என்ற ஆசை அவருக்குள் இருந்துகொண்டே இருந்தது. 1822 மே மாதம் பாரிஸில் காலமானார். வயது 55. திரும்பவேயில்லை.

அவர் கேட்டுக்கொண்டே இருந்த இரண்டு விஷயங்கள் அவர் போன பிறகு ஒடேசாவுக்குக் கிடைத்தன. ஒன்று, 1817இல் அவர் பெயரிலேயே தொடங்கிய உயர்கல்விக்கூடம். இன்றைய ஒடேசா தேசியப் பல்கலைக்கழகத்தின் வேர் அது. இன்னொன்று, தீர்வையில்லாத் துறைமுகம் என்ற தகுதி. 1817இல் அறிவிக்கப்பட்டு 1819இல் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் வந்திறங்கி, தீர்வையில்லாத் துறைமுகம் ஆரம்பித்ததும் அதே ஆண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, தற்செயல்தான். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இறக்கப்பட்ட சிலையும் நின்ற சிலையும்

மரணச் செய்தி வந்ததும் ஒடேசாவில் பணம் திரட்டினார்கள். 1828இல் சிலை திறக்கப்பட்டது. செய்தவர் சிற்பி இவான் மார்ட்டோஸ். ரோமானியர் மாதிரி மேலாடை, ஒரு கையில் சுருள், இன்னொரு கை துறைமுகத்தை நோக்கி. கீழே பீடத்தில் மூன்று புடைப்புச் சிற்பங்கள்: விவசாயம், வணிகம், நீதி. சிலைக்கு எதிரே கடலுக்கு இறங்கும் 192 படிகள் 1841இல்தான் முடிந்தன. 'பொட்டெம்கின்' படத்தில் குழந்தை வண்டி உருண்டு வருமே, அந்தப் படிகள்தான்.

2022இல் போர் வந்தபோது ஒடேசாவில் ஒரு கேள்வி எழுந்தது. ரஷ்யப் பேரரசின் அடையாளங்களை என்ன செய்வது? அந்த டிசம்பரில் கேத்தரின் சிலை இரவோடு இரவாக இறக்கப்பட்டது. சில தெரு தள்ளி நின்ற ரிஷெலியூவை யாரும் தொடவில்லை.

இது கொஞ்சம் விசித்திரம், இல்லையா? அவரும் அதே பேரரசுக்கு வேலை பார்த்தவர்தான். கேத்தரினின் பேரனால் நியமிக்கப்பட்டவர். சட்டம் பேசினால் இருவரும் ஒரே பக்கம். ஆனால் கேத்தரின் ஒடேசாவுக்கு வந்து வாழவில்லை, ஆணை போட்டார். டியூக் 11 வருடம் அதே தூசியில் நடந்தார், அந்தக் குளிர்காலத்தில் கதவு கதவாகப் போனார். ஊர் மக்கள் வித்தியாசம் பார்த்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அந்த விவாதம் அங்கே இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

2022 ஆகஸ்ட் முதல் தேதி, பல மாத முற்றுகைக்குப் பிறகு, தானியம் ஏற்றிய முதல் கப்பல் ஒடேசா துறைமுகத்தைவிட்டுக் கிளம்பியது. சிலையின் கை நீண்டிருக்கும் அதே துறைமுகம். 2023 ஜனவரியில் பழைய நகரப் பகுதியை யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது.

எப்போதாவது நீங்கள் அங்கே போக முடிந்தால், சிலையின் பீடத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பீரங்கிக் குண்டு வடிவத்தில் ஓர் இரும்பு ஒட்டு தெரியும். 1854இல் கிரைமியப் போரின்போது பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்கள் ஊரைச் சுட்டன. ஒரு குண்டு பீடத்தைச் சேதப்படுத்தியது. உடைந்த இடத்தை ஊர்க்காரர்கள் அப்படி ஒட்டி வைத்துவிட்டு, சிலையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள்.